ஒரே இரத்தம், இரண்டு தீர்ப்பு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மருத்துவ ஆய்வுகூடங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். என் அத்தான் குடியை விட்டு ஏழு மாதமாகிறது. சென்ற மாதம் கல்முனையில் ஓர் ஆய்வுகூடத்தில் ஜீ.ஜீ.ரீ. பார்த்தோம். குடித்தால் இரத்தத்தில் ஏறும் ஈரல் நொதி அது. 62, மேல் எல்லை 55. பக்கத்தில் தடித்த ‘எச்’, அதாவது எல்லைக்கு மேல். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மட்டக்களப்பு நகரில் வேறோர் இடத்தில் இரத்தம் கொடுத்தோம். 64. ஆனால் அங்கே மேல் எல்லை 71, ‘எச்’ இல்லை. குறைந்த எண்ணுக்குத் தண்டனை, கூடிய எண்ணுக்கு விடுதலை!

அத்தான் வலிப்புக்குப் பெனிடோயின் எடுப்பவர். அதுவும் ஜீ.ஜீ.ரீ.யை ஏற்றும். ஈரலில் கொழுப்புப் படிந்தாலும் ஏறும். கிளினிக் வைத்தியர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

இந்தக் குழப்பம் உலகத்துக்குப் புதிதல்ல. மதுப்பழக்கத்தை அறியவென்றே வந்த சீ.டீ.ரீ. என்ற இரத்தப் பரிசோதனையையும் முன்பு கம்பனிக்கொரு விதமாக அளந்தார்கள். அதில் அளக்கப்படும் ட்ரான்ஸ்பெரின் என்ற இரத்தப் புரதத்தின் எந்த வடிவங்களைச் சேர்த்து எண்ணுவது என்பதிலேயே உடன்பாடு இருக்கவில்லை. மருத்துவ இரசாயனவியலுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2005இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவற்றில் டைசியலோட்ரான்ஸ்பெரின் என்ற வடிவத்தை மட்டும் அளப்பது, மொத்த ட்ரான்ஸ்பெரினில் எத்தனை வீதம் என்று சொல்வது, வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையை உரைகல்லாகக் கொள்வது என்று அந்தக் குழு வழி வகுத்தது. மதுசாரம் உடலில் இருந்தால் மட்டுமே உருவாகும் பொஸ்பற்றிடைல் எதனோல் என்ற பொருளுக்கும் 2022இல் பாசல் இணக்கம் என்ற நிபுணர் உடன்பாடு வந்தது: இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்காதவர் அல்லது குறைவாகக் குடிப்பவர், 200க்கு மேலே போனால் நீண்டநாள் மிகைக்குடி. ஜீ.ஜீ.ரீ.க்கே 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அளக்கும் உரைகல் முறை 2002இல் வெளியாகிவிட்டது. பிறகு எங்கள் ஊரில் ஏன் இரண்டு எல்லை?

கேட்பது பெரிதல்ல. எந்த முறையில் அளந்தீர்கள், அந்த எல்லையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தாளில் ஒரு வரி அச்சடியுங்கள். ஒரே இரத்த மாதிரியைப் பங்கிட்டு, உங்களுக்குள் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். சீ.டீ.ரீ.யை வெளியூருக்கு அனுப்பினால், பெறுபேறு சம்மேளன முறையோடு ஒத்துப்போகும்படி அளந்ததுதானா என்று விசாரித்து எழுதுங்கள். ‘எச்’ போடும் இடத்தில் மருந்துகளாலும் இது கூடலாம் என்று தமிழில் ஒரு சிறு குறிப்பு.

அடுத்த மாதம் அத்தான் மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். எந்த வாசலுக்குக் கூட்டிப்போவது என்று அக்கா கேட்கிறார்.

இப்படிக்கு,
அவரது மைத்துனன்