நடவுக்கு வந்தவர்கள்

நீடாமங்கலம்
புரட்டாசி 9

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சம்பா நடவு முடியட்டும் என்று இருந்துவிட்டேன். நேற்றுதான் ஆற்றோரத் துண்டு முடிந்தது. இடுப்பு இன்னும் நிமிரவில்லை. நான் நடவில்லை, வரப்பில் நின்றதற்கே இந்தப் பாடு.

நீ ஜெர்மன் குடியுரிமைத் தேர்வு எழுதிய கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 33 கேள்வியில் 17 சரியாக இருந்தால் போதுமாமே! நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் அதற்கும் உன்னை நம்பியிருக்க மாட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் மனசில் நின்றது உன் சுமதியின் கதைதான். 600 மணி நேரம் மொழி, அதற்கு மேல் 100 மணி நேரம் அந்த நாட்டுச் சட்டமும் வரலாறும் என்று இந்த வயதில் பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். வந்தவர்களுக்கு மொழி சொல்லிக் கொடுப்பது சர்க்கார் பொறுப்பு என்று ஒரு நாடு நினைப்பதே எனக்குப் புதுசு. அவர்களுக்கும் அது லேசில் உறைக்கவில்லை போலிருக்கிறது. 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தவர்கள், வேலை முடிந்தால் கிளம்பிவிடுவார்கள் என்றே இருந்துவிட்டு, 2005-ல்தானே இந்த வகுப்பைத் தொடங்கினார்கள்?

நாம் இப்போது அந்த இடைப்பட்ட நாற்பது வருஷத்தில் இருக்கிறோம், ரவி.

இந்த வருஷம் என் வயலில் நட்டது வங்காளத்து ஆட்கள். பதினாலு பேர், அத்தனையும் ஆம்பளைகள். ஏக்கருக்கு 5,000 என்று ஏஜெண்டிடம் பேசியது. விடியுமுன்னே இறங்கிவிடுகிறார்கள். நாற்றைப் பறிப்பதும் அவர்கள்தான், முடி கட்டித் தூக்கிவந்து நடுவதும் அவர்கள்தான். தங்கல் என் மோட்டார் கொட்டகையில். சாயங்காலம் வாய்க்காலில் துண்டை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடித்துக் கடுகெண்ணெயில் வதக்குவார்கள். அந்த வாசனை நம் தெரு வரை வரும். தெருவில் அவர்களுக்கு ஒரே பெயர்தான், ‘இந்திக்காரங்க’. அவர்களில் பாதிப் பேருக்கு இந்தி வராது. எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன், முழித்தார்கள். பிறகு நானே மூன்று சொல் கற்றுக்கொண்டேன். தண்ணீருக்கு ஜோல், சோற்றுக்குப் பாத், மீனுக்கு மாச். மூன்று சொல்லில் ஒரு நடவையே ஓட்டிவிட்டேன்!

அஞ்சலையக்காவை நினைவிருக்கிறதா? நமக்கெல்லாம் வயல் வரப்பில் கூழ் ஊற்றியவள். இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து குலவை போட்டு நடவு தொடங்குவாளே, அவள்தான். இந்தத் தடவை வாசலில் நின்று, “ஒங்க வயலுக்கும் வெளியாளுதானா தம்பி?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நம் பழைய தஞ்சை ஜில்லாவில் ‘வெளியாள்’ என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. 1968-ல் வெண்மணியில் 44 பேர் எரிந்தார்களே, அதற்கு முந்தைய தகராறில் ஒன்று, கூலி உயர்வு கேட்டவர்களுக்கு எதிராக அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கியதுதான். அந்த நினைப்பு அக்காவுக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் முப்பது ஏக்கர்க்காரனுக்கும் என்னைப் போல நாலு ஏக்கர்க்காரனுக்கும் தண்ணீர் ஒரே சமயத்தில்தான் வருகிறது, நடவாளும் ஒரே சமயத்தில்தான் வேண்டியிருக்கிறது. அக்கா கூட்டத்தில் இப்போது வயலில் இறங்குவது ஏழு பேர், அதில் அஞ்சு பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த ஏழு பேருக்கு மேட்டுத் துண்டை ஒதுக்கினேன். அது பரிகாரம் ஆகாது என்று எனக்கே தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே ஒன்று வந்தது. ஏஜெண்டுக்கு உரிமம், ஆளுக்கு ஒரு பாஸ்புக், அதில் விவரம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும், மாதக் கூலியில் பாதி இடப்பெயர்வுப் படி என்றெல்லாம் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பார்த்த பதினாலு பேரில் ஒருத்தனிடமும் அந்தப் புத்தகம் இல்லை. பல தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்துக்குள் அதையும் கரைத்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் இங்கேயும் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் உருப்படியான காரியம். எந்த ஊர் அட்டையானாலும் நம் கடையில் அரிசி வாங்கலாம். இவர்களில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினில் விரல் வைத்தான், வைத்தான், வைத்துக்கொண்டே இருந்தான். சேற்றில் ஊறி ஊறி ரேகை தேய்ந்துவிட்டது. வெறும் பையோடு திரும்பினோம். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன?

இங்கே அரிசி கொடுக்க வழி யோசித்தவர்கள் மொழி சொல்லிக் கொடுக்க யோசிக்கவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது பாட்னாவிலிருந்து அதிகாரிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நம் பக்கத்து அரிசி ஆலையில் ஆறு பேர் அதற்குள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிவிட்டார்கள். ‘பொய்டா, போகாதே’ என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

மராட்டியர் 1676-ல் தஞ்சாவூருக்கு வந்து நம்மோடு கலந்தார்களே என்று நீ கேட்டிருந்தாய். அவர்கள் வந்தது அரியணைக்கு, ரவி. கும்பகோணத்துச் சௌராஷ்டிரர் வந்தது தறியோடு, குடும்பத்தோடு. நடவுக்கு இவன் வருவது நாற்பது நாளுக்கு, ஒரு பையோடு. அந்தக் கணக்கு வேறு.

கலக்கிறது என்றால் ஆலையிலேயே தங்கிவிட்ட ஒரு பீகார்க் குடும்பத்துப் பெண் குழந்தையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு, நம் ஊராட்சிப் பள்ளி. 2023-ல் திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவு அவளுக்கும் கிடைக்கிறது. ரவா உப்புமாவை ஒதுக்குகிறாளாம், பொங்கல் என்றால் இரண்டாம் தடவை கேட்கிறாளாம். போன வாரம் அவள் அப்பன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டருக்கும் அவனுக்கும் நடுவில் நின்று பேசியது அவள்தான். “எப்பேலேர்ந்து காச்சலுன்னு கேக்குறாங்கப்பா” என்று முதலில் நம் ஊர்த் தமிழிலேயே அப்பனிடம் சொல்லிவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு இந்திக்கு மாறினாளாம். எட்டு வயசுக் குழந்தை தலையில் அந்த வேலையை வைப்பது சரியா என்று நீ கேட்பாய். நானும் கேட்கிறேன்.

சுமதி படித்த பாடப் புத்தகம் பழசு இருந்தால் அனுப்பிவை. ஜெர்மன் எனக்குப் புரியாது, ஆனால் முதல் பாடத்தில் எதை வைக்கிறார்கள், கடையையா, ஆஸ்பத்திரியையா என்று பார்க்க வேண்டும். நூலகத்துச் சாயங்காலங்கள் சும்மாதான் கிடக்கின்றன. தை அறுப்புக்கு ஆட்கள் வருவதற்குள் அவர்களுக்கான தமிழ்ப் பாடம் பத்துப் பக்கமாவது எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அங்கே ஹாம் நகரத்துக் காமாட்சி கோயில் தேருக்கு அடுத்த வருஷம் போனால் படம் எடு. கோரையாற்றில் தண்ணீர் முறை மாறுகிறதாம், மடை திறக்க ஓட வேண்டும். சுமதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பாலு