பின்னக் கணக்குக்கான தமிழ் மென்பொருள் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
கணித ஆசிரியர்கள், கணினி ஆய்வகப் பொறுப்பாளர்கள்,
சென்னைப் பள்ளிகள், சென்னை.

பெறுநர்
துணை ஆணையாளர் (கல்வி) அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: 6, 7-ஆம் வகுப்பு மாணவர்கள் பின்னங்கள் பயில உதவும் தமிழ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து நிறுவித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணிதத்தில் முதல் பாடமே பின்னங்கள்தான். அதில் தடுக்கி விழும் பிள்ளை, விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று பத்தாம் வகுப்பு வரை தடுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பாடம் தொடங்கும் முன்பே ஆய்வகக் கணினிகளிலும் திறன்மிகு வகுப்பறைகளிலும் பின்னங்களுக்கான நல்ல மென்பொருள் ஒன்றை நிறுவித் தர வேண்டுகிறோம். எது நல்லது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னத்துக்கென்று நாங்கள் பார்த்தவற்றில் பல, ஒரு காணொளியும் அதன் பின் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வினாடி வினாவும்தான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு முறை சரியாகிவிடும்.

1/2 + 1/3 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். பிள்ளை 2/5 என்று போடுகிறது. திரையில் சிவப்பு அடையாளம் வருகிறது, ‘சரியான விடை 5/6’ என்று வருகிறது, அடுத்த கணக்கு வந்துவிடுகிறது. மேலே உள்ளதை மேலே கூட்டு, கீழே உள்ளதைக் கீழே கூட்டு என்று பிள்ளை மனத்தில் வைத்திருக்கும் விதியை யாரும் தொடவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அல்ல இது. 1978-இல் அமெரிக்கத் தேசியத் தேர்வில் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, 2 என்று சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள்.

2/5 என்று போட்டவுடன் மென்பொருள் செய்ய வேண்டியது வேறு. முதலில் 1/2 பட்டையைக் காட்டி, அதன் கீழேயே பிள்ளை போட்ட 2/5 பட்டையை வைக்க வேண்டும். அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடச் சின்னதாக இருப்பது கண்ணுக்கே தெரியும். பிறகு அரைப் பட்டையை மூன்றாகவும், மூன்றில் ஒரு பங்குப் பட்டையை இரண்டாகவும் பிள்ளையே வெட்ட வேண்டும். எல்லாம் ஆறில் ஒரு பங்குத் துண்டுகளாகிவிடும். 3 துண்டு, 2 துண்டு, மொத்தம் 5. பொது மடங்கு எதற்கு என்பது அப்போதுதான் புரிகிறது.

வகுப்பில் நாங்கள் 24 செ.மீ. காகிதப் பட்டையைப் பயன்படுத்துகிறோம். 24-ஐ 2, 3, 4, 6, 8, 12 எல்லாம் மீதியில்லாமல் வகுக்கும். பாதி 12 செ.மீ., மூன்றில் ஒன்று 8 செ.மீ., இரண்டும் சேர்ந்து 20 செ.மீ. 2/5 என்றால் 10 செ.மீ. கூட வராது. திரையிலும் இதே பட்டை வந்தால் கையும் கண்ணும் ஒன்றையே பேசும். வட்டப் படம் மட்டும் போதாது. அதை ஐந்தாகவோ ஏழாகவோ சமமாக வெட்டுவது சிரமம். 7/4 காட்ட இரண்டு வட்டம் வேண்டும், பிள்ளை இரண்டையும் சேர்த்து 7/8 என்று எழுதிவிடும். பட்டையிலிருந்து எண்கோட்டுக்குப் போவதும் எளிது. நம் ஊரில் பூவை முழக்கணக்கில் வாங்குகிறோம். அரை முழம், ஒன்றரை முழம் என்று பூக்கடையில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குக் கலப்பு பின்னம் ஏற்கெனவே தெரியும். கணினி அதையே எடுத்துத் தொடங்கலாம்.

எந்த எண்களைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 3/8, 5/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பின்னமே புரியாத பிள்ளையும் 5 பெரியது என்று சரியாகச் சொல்லிவிடும். 1/6, 1/8 கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அதைத் திருத்தியபின் ‘கீழே பெரிய எண் வந்தால் சிறியது’ என்று பிடித்துக்கொண்டு, 2/3-ஐ 7/8-ஐவிடப் பெரியது என்பார்கள். 5/6, 7/8 இரண்டிலும் ஒன்றுதானே குறைகிறது, அதனால் சமம் என்பார்கள். இந்த ஜோடிகளைக் கலந்து கேட்டு, யார் எந்த வகைத் தவறில் இருக்கிறார்கள் என்று ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். வெறும் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் எதையும் செய்ய முடியாது.

மொழி பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் மேல் எண்ணை முதலில் சொல்வார்கள். தமிழில் ‘ஐந்தில் மூன்று’ என்று கீழ் எண்ணே முதலில் வருகிறது. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 5/3 என்று எழுதிவிடுகிறது. ஆங்கில மென்பொருளின் எழுத்துகளை மட்டும் தமிழாக்கினால் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். ‘ஐந்தில்’ என்று குரல் வரும்போது கீழ்க்கட்டமும், ‘மூன்று’ என்னும்போது மேல்கட்டமும் ஒளிர வேண்டும். தொகுதி (மேல் எண்), பகுதி (கீழ் எண்), தகா பின்னம் (7/4 போன்றது) என்று பாடநூல் சொற்களே வர வேண்டும். அரை, கால், முக்கால், ஒன்றேகால் ஆகியவையும் வேண்டும்.

சிறியதாகத் தெரிந்தாலும் வகுப்பையே கெடுக்கும் சில குறைகள் உண்டு. விடை 3/4 என்று பதிந்திருந்தால் 6/8-ஐத் தவறு என்கிறது. சரி என்று ஏற்றுக்கொண்டு, சுருக்கச் சொல்வது தனிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரே வரியில் தட்டச்சு செய்யும்போது இடைவெளி விட்டுப்போனால் 1 1/2 என்பது 11/2 ஆகிவிடுகிறது. முழு எண், தொகுதி, பகுதி மூன்றுக்கும் தனிக் கட்டங்கள் வேண்டும். எண்கோடு எப்போதும் 0 முதல் 1 வரையே இருந்தால், 0 முதல் 4 வரை உள்ள கோட்டில் 3/4-ஐக் குறிக்கச் சொல்லும்போது பிள்ளை 3-இல் கொண்டுபோய் வைக்கிறது.

பெரிய செலவில்லாமலே தொடங்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், ஜிகாம்ப்ரி, ஜியோஜீப்ரா ஆகிய கற்றல் மென்பொருள்கள் மூன்றும் பள்ளிகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. இணையம் இல்லாமலும் இயங்கும். மேலே சொன்ன எல்லாம் இவற்றில் இல்லை, குறிப்பாகத் தமிழ்க் குரலும் தவறு வகைப் பட்டியலும். அந்தப் பகுதியை மட்டும் செய்து வாங்கினால் போதும்.

ஆகவே, இந்த மூன்று மென்பொருள்களையும் ஆய்வகக் கணினிகளில் நிறுவ ஆணையிடவும், 6-ஆம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை ஆய்வகத்தில் ஒதுக்கவும், புதிதாக வாங்கும் எதையும் முதலில் சில பள்ளிகளில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகே வாங்கவும் வேண்டுகிறோம். மாணவர் பெயர், தொலைபேசி எண் கேட்கும் மென்பொருளைத் தவிர்க்கவும் கோருகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது. வரிசை எண் ஒன்றே போதும்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால் ஒரு மடிக்கணினியும் காகிதப் பட்டைகளும் கொண்டுவந்து, 1/2 + 1/3 கணக்கை அரை மணி நேரத்தில் செய்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள், கணினி ஆய்வகப் பொறுப்பாளர்கள்
சென்னை.