தெரியல என்றால் எது தெரியல?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் புரிந்தது. அப்பா பக்கத்திலேயே இருந்ததால் நானும் அதிகம் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுக்கப் படிக்காமலே 'சரிம்மா' என்று போட்டுவிடுவாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன்.

உன் கண் கிளினிக்கில் அந்தப் பாட்டி பார்வை சார்ட்டைப் பார்த்து 'தெரியல' என்றார், நீ இரண்டு கண்ணுக்கும் 6/60 கூட இல்லை, அதாவது மேல் வரியின் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்று எழுதி உள்ளே அனுப்பினாய். இத்தனை சின்னக் கண்புரைக்கு இவ்வளவு பார்வை குறையாதே என்று டாக்டருக்குச் சந்தேகம். விசாரித்தால் பாட்டிக்கு எழுத்தே தெரியாது. எல்லார் முன்னாலும் உன்னைச் சத்தம் போட்டுவிட்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது சரி.

நம் பேச்சில் 'தெரியல' என்றால் கண்ணுக்குத் தெரியல என்றும் ஆகும், எழுத்து தெரியல என்றும் ஆகும். பாட்டி பொய் சொல்லவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, பேத்தி வயதுப் பெண்ணிடம் 'எனக்குப் படிக்கத் தெரியாது தாயி' என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? நான் 'படிச்சவங்களா' என்று கேட்கவே மாட்டேன். வயதானவர்கள் கொஞ்சம் தயங்கினாலே, ஆங்கில E மட்டும் பல பக்கம் திரும்பியிருக்கிற சார்ட்டைத் திருப்பிவிடுவேன். மூன்று கால் எந்தப் பக்கம் பார்க்கிறது, கையால் காட்டுங்கள் என்பேன். ஒரு தடவை ஒரு கிழவி, 'சீப்பா? பல்லு மேல பாக்குது' என்றாள். அன்றிலிருந்து எனக்கு அது சீப்புச் சார்ட்தான். நீயும் சீப்பு என்றே சொல், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர்மாறு லாரி டிரைவர்கள். லைசென்ஸுக்குச் சான்றிதழ் வாங்க வருவார்கள், பெஞ்சில் காத்திருக்கும்போதே கடைசி வரிவரை மனப்பாடம் ஆகியிருக்கும். வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல், தடுமாறுவார்கள்.

எனக்கு இதெல்லாம் தானாக வந்தது என்று நினைக்காதே. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு கேம்ப் நாள். கண்ணின் நீளத்தை அளக்கிற ஏ-ஸ்கேன் மிஷினில் நான். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற லென்ஸின் பவரை அந்த நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அப்போது பேனா மாதிரி இருக்கும் புரோப்பைக் கருவிழியில் தொட்டு வைத்துத்தான் கண்ணின் நீளத்தை அளப்போம். தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் கண் கொஞ்சம் அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். ஒரு பெரியவருக்கு வலது கண் 23.4 மில்லிமீட்டர், இடது 22.9 என்று வந்தது. இரண்டு கண்ணுக்கும் 0.3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப எடு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வெளியே கூட்டம், பசி வேறு. அப்படியே எழுதிவிட்டேன். அந்த இடது கண்ணுக்குத்தான் ஆபரேஷன்.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவரில் இரண்டரை, மூன்று பிசகும். நான் விட்டது அரை மில்லிமீட்டர். நீளம் குறைவாக எழுதியதால் லென்ஸ் பவர் கூடிவிட்டது. ஒரு மாதம் கழித்து அவர் செக்கப்புக்கு வந்தார். பூக்கட்டுகிறவர். 'கண்ணாடி இல்லாமலே பூ கட்டுறேன் சிஸ்டர்' என்று ஒரே சந்தோஷம். கூடவே சிரித்துக்கொண்டே, 'பஸ் போர்டுதான் தெரியல, உசிலம்பட்டி பஸ்ஸுன்னு திருமங்கலம் பஸ்ஸுல ஏறிட்டேன்' என்றார். கிட்டத்தில் தெரிந்ததும் தூரத்தில் தெரியாததும் என் ஒரே தப்பினால்தான் என்று அவருக்குத் தெரியாது. வாழை இலையில் சுற்றி இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்திருந்தார். வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சீனியர் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். தூரப் பார்வைக்கு மைனஸ் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கிளினிக்கில் கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே அளக்கிற மிஷின் இருக்கிறது, சரி. ஆனால் புரை முற்றி வெள்ளையாகிவிட்டால் அந்த ஒளி உள்ளே போகாது. அன்றைக்கு நீயும் புரோப்பைத்தான் எடுக்க வேண்டும். கையைப் பழக்கி வைத்துக்கொள்.

'நான் வெறும் டெக்னீஷியன்தானேம்மா' என்றாயே, அதுதான் எனக்கு உறுத்தியது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அது அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு, கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பழக்கி, அளக்கிற வேலையை எல்லாம் அவர்கள் கையில் கொடுத்ததும் ஒரு காரணம். நான் வேலை பார்த்த இடம் வேறு, வழி அதே வழிதான். பூக்காரருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் கையில் ஒரு பிசகும் இல்லை. நான் எழுதிய நம்பரை நம்பி அந்த லென்ஸை வைத்தார், அவ்வளவுதான்.

அப்புறம், கண்மணியை விரிக்கிற டைலேட் மருந்து விடுவதற்கு முன்னால் பைக்கில் வந்தார்களா, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேள். நாலைந்து மணி நேரம் கண் கூசும் என்று சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு நாம்தான் கிடந்து பதறுவோம். மத்தியானம் சாப்பிடாமல் ரிஃப்ராக்‌ஷனுக்கு, அதாவது கண்ணாடிப் பவர் பார்க்க, உட்காராதே. என் கதையைத்தான் படித்தாயே.

அப்பா பேப்பரைக் கை நீட்டுகிற தூரத்துக்கு நீட்டியும் படிக்க முடியவில்லை. கேட்டால் பல்பு மங்கல் என்கிறார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பிளஸ் இரண்டு கண்ணாடியை விடமாட்டேன் என்கிறார். இருபது வருடம் ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவள் நான், என் முன்னால் உட்கார மட்டும் மாட்டார். பொங்கலுக்கு வரும்போது நீ பார். நீ சொன்னால் உட்காருவார். ஆனால் சார்ட்டை வந்த அன்றே சுவரில் மாட்டிவிடாதே, காலைக்குள் மனப்பாடம் செய்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா