பில்லில் இருக்கும் ஸ்லீவ் ரீலில் இல்லை

விடுநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
குளுவாங், ஜொகூர்.

பெறுநர்:
மேலாளர், ரீல் பழுதுபார்ப்புப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: பென் செனட்டர் 6/0 மீன்பிடி ரீலின் டிராக் வேலையில் குறை, போடாத பாகத்துக்கு வாங்கிய பணம்

ஐயா,

வணக்கம். என்னுடைய பழைய பென் செனட்டர் 114 எச் (அதே 6/0) ரீலை, டிராக் என்னும் மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் உராய்வுப் பிரேக்கின் சீரமைப்புக்காக ஜூலை மாதம் உங்கள் பட்டறைக்கு கூரியரில் அனுப்பினேன். கார்பன் வாஷர் செட் 120 வெள்ளி (ரிங்கிட்), கைப்பிடியும் டிராக் தட்டுகளும் மாட்டும் குழலான ஸ்லீவ், ஸ்டெயின்லெஸில், 110 வெள்ளி, கூலி 150 வெள்ளி, ஆக 380 வெள்ளிக்கு பில் போட்டீர்கள். பேரம் பேசாமல் கட்டினேன். திரும்பி வந்த ரீலில் கார்பன் வாஷர் ஒன்றுதான் இருக்கிறது, ஸ்லீவ் அதே பழைய பித்தளை. கூலி எதற்கு வாங்கினீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்குத் தொழில் லோரி பட்டறை. இந்த வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கு கிளட்ச் மாற்றியே வயதாகிவிட்டது. ஆகவே உராய்வுத் தட்டு எப்படி வேலை செய்யும், எப்போது பிடிக்கும், எப்போது வழுக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரீலை நானே பிரித்திருக்கலாம். இந்த வகை ரீலுக்குச் சரியான பாகமும் சரியான கிரீஸும் உங்களிடம் இருக்கிறது என்று விளம்பரம் செய்திருந்தீர்கள், அதை நம்பித்தான் அனுப்பினேன்.

நடந்தது இது. செப்டம்பரில் மெர்சிங்கிலிருந்து படகில் தியோமான் பக்கம் போனோம். 50 பவுண்டு நூல். டிராக்கை நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வைப்பது வழக்கம். படகிலேயே தொங்கு தராசை மாட்டி, நூல் ஓடும்போது பார்த்து வைத்தேன். சரியாகத்தான் காட்டியது. அப்புறம் தூண்டில் கம்பு வெயிலில் வெகுநேரம் சும்மா நின்றது. மீன் அடித்தபோது ரீல் நூலை விடவே இல்லை. ஒரு கணம் பூட்டியது போல் நின்று, பிறகு திடீரென்று விட்டு, மறுபடி பிடித்தது. இரண்டாவது பிடியில் முடிச்சுப் பக்கத்தில் நூல் அறுந்தது. கடல் விராலா, பெரிய பாறை மீனா தெரியாது; முகத்தைப் பார்க்காத மீனுக்கு நான் பெயர் வைப்பதில்லை. தெக்கோங் (படகோட்டி) "ஹபிஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டு இஞ்சினை முடுக்கினார்.

வீட்டுக்கு வந்து தராசில் மறுபடி வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழு கிலோ காட்டும் டிராக், ராத்திரி முழுக்க அப்படியே இருந்துவிட்டு காலையில் முதல் இழுப்பில் பன்னிரண்டு கிலோவைத் தாண்டியது. அசைந்ததும் ஐந்துக்கு விழுந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் உராய்வும், ஓடும்போது இருக்கும் உராய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே ஆட்கள் கார்பனுக்கு மாறுகிறார்கள்? பென் நிறுவனமே எச்.டி-100 என்ற பெயரில் கார்பன் வாஷரைக் கொண்டுவந்தது, வெறும் பலத்துக்காக இல்லை.

பிரித்தேன். பக்கத் தட்டின் திருகுகளில் இரண்டு தலை மழுங்கியிருந்தன. அளவு பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்து யாரோ முறுக்கியிருக்கிறார்கள். சரி, அதை விடுங்கள். மெயின் கியரின் குழிக்குள் ஒரு தட்டு ஸ்லீவைப் பிடித்துச் சுற்றும், அடுத்த தட்டு தன் காதுகளால் கியரைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் உராய்வு வாஷர் இருக்கும். இந்த அடுக்கில் மேலே இருந்தது மட்டும் புதுக் கார்பன். அடியில் இருந்தவை பழைய பழுப்பு நிற இழை வாஷர்களே, மேல்பக்கம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டவை. அந்தக் காலத்து டிராக் வாஷர்களில் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடுவது உங்கள் பட்டறைப் பையனின் நுரையீரலுக்கு நல்லதில்லை. அவனிடம் யாராவது சொல்லுங்கள்.

இரும்புத் தட்டுகளின் நிலைமை அதைவிட மோசம். துருக் குழிகள் அப்படியே இருந்தன, ஒரு தட்டு வளைந்தும் இருந்தது. எவ்வளவு நல்ல கார்பனை வைத்தாலும் அது உட்காரும் தட்டு சமமாக இல்லாவிட்டால் டிராக் துள்ளத்தான் செய்யும். கண்ணாடித் துண்டின் மேல் நைசான உப்புத்தாளை விரித்து தட்டைச் சுற்றித் தேய்த்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். வளைந்ததை மாற்ற வேண்டும். இதற்குத்தான் கூலி என்று நான் நினைத்திருந்தேன்.

கிரீஸைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நான் தினமும் லோரி வீல் பேரிங்கில் அடைக்கும் அதே பிசின் போன்ற பழுப்பு கிரீஸ், கட்டி கட்டியாக. கார்பனுக்கு டிராக் கிரீஸ் என்று தனியாக இருக்கிறது. அதை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். உச்ச பலத்தில் கொஞ்சம் போனாலும் தொடக்கம் மெதுவாக இருக்கும், உப்புத் தண்ணீரும் உள்ளே ஏறாது. நீங்கள் வைத்தது தட்டுகளை ஒட்ட வைத்துவிட்டது. இன்னொன்று: பெட்டியைத் திறந்தபோது டிராக்கின் நட்சத்திரப் பிடி கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது. ரீலை எடுத்து வைக்கும்போது டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷர்கள் நசுங்கிப்போகும் என்பது மெர்சிங் ஜெட்டியில் நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்லீவ் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். டிராக் பலத்தைக் கூட்டும்போது அந்தச் சுமை முழுவதும் போய் விழுவது ஸ்லீவின் மேல்தான். மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் பல்லும் அதில்தான் மாட்டுகிறது. பழைய பித்தளை அதிகச் சுமையில் விளிம்பு தேய்ந்து உருண்டுவிடும். அது நழுவினால் கைப்பிடி திரும்பி வந்து விரலை உடைக்கும். அதனால்தான் ஸ்டெயின்லெஸ் கேட்டேன், அதற்குத்தான் 110 வெள்ளி கொடுத்தேன். உள்ளே இருந்தது மஞ்சளாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில் உங்கள் சேவை அட்டையில் "அதிகபட்ச டிராக் 30 பவுண்டு" என்று பெருமையாக எழுதி முத்திரை குத்தியிருக்கிறீர்கள். யார் கேட்டது 30 பவுண்டை? நூல் நிறைந்த ரீலில் வைக்கும் டிராக், நூல் ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும். நூல் சுற்றின் விட்டம் பாதியானால் இழுப்பு இரட்டிப்பாகும். 50 பவுண்டு நூலில் 30-இல் ஆரம்பித்தால் அது 60 ஆக வேண்டியதில்லை, அதற்கு முன்பே அறுந்துவிடும். தண்ணீருக்குள் நீளும் நூலின் பாரம் வேறு. நான் அனுப்பிய குறிப்பில் தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தேன்: பலம் கூட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளம்பினால் போதும் என்று. அந்தத் தாள் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

தொலைபேசியில் பேசினேன். கவுண்டரில் இருந்த தம்பி, "அங்கிள், பழைய ரீல்லா, அப்படித்தான் இருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்றார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் செனட்டர் 1936-லிருந்து வரும் வரிசை. இன்றைக்கும் அதற்கு வாஷர், ஸ்லீவ், கியர் எல்லாம் வாங்க முடிகிறது. பாகம் கிடைக்காத ரீல் என்றால் "பழசு" என்ற பதிலை ஏற்றுக்கொள்வேன். இது அப்படி இல்லை. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. போடாத ஸ்லீவுக்கு வாங்கிய 110 வெள்ளியும், செய்யாத வேலைக்கு வாங்கிய கூலி 150 வெள்ளியும், மொத்தம் 260 வெள்ளி, என் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். செட்டில் மீதமுள்ள கார்பன் வாஷர்களையும், மழுங்கிய திருகுகளுக்கு மாற்றாக இரண்டு புதுத் திருகுகளையும் அனுப்புங்கள். ரீலை மறுபடி உங்களிடம் அனுப்பச் சொல்லாதீர்கள். ஸ்லீவை வேறு இடத்தில் வாங்கி நானே போட்டுக்கொள்கிறேன். போன மீனுக்கு நஷ்டஈடு கேட்கவில்லை.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மெர்சிங்கில் படகு கிளம்பாது. அதற்குள் ரீல் கையில் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பணமும் பாகமும் வராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுவேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரீலைப் பிரித்தபடியே ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவருவேன், தலைவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
குளுவாங் லோரி பட்டறைக்காரர்

இணைப்பு: பில் நகல், சேவை அட்டை நகல், பிரித்த டிராக் அடுக்கின் படங்கள், பித்தளை ஸ்லீவின் படம், நான் முதலில் அனுப்பிய குறிப்பின் நகல் (இந்தத் தடவை படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்).