கேசட்டை அனுப்பியவர் யார்? ஒரு வரலாற்று ஆசிரியருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் திரைப்பட வட்டத்தில் 'காஷே' திரையிடப்பட்ட அன்று, படம் முடிந்ததும் நீங்கள் எழுந்து இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தீர்கள். புதிரைப் போட்டுவிட்டு விடையை ஒளித்துக்கொள்வது பார்வையாளரை ஏமாற்றும் வேலை என்பது முதலாவது. 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் அல்ஜீரியர்கள்மீது காவல்துறை நடத்திய படுகொலையை ஒரே ஒரு வசனத்தில் தொட்டுவிட்டுக் கடந்துபோவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது இரண்டாவது. கூடத்தில் பாதிப் பேர் உங்களை ஆமோதித்தார்கள். மீதிப் பேர் கடைசிக் காட்சியில் யார் யாரோடு பேசினார்கள் என்று தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். சான்று இல்லாமல் எதையும் ஏற்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே இந்தப் படத்துக்காக உங்களிடம் வாதாட விரும்புகிறேன். படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முடிவையும் நான் மறைக்கப்போவதில்லை.

ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹனேகே பிரெஞ்சு மொழியில் எடுத்த இந்தப் படம் 2005இல் வெளிவந்தது. அந்த ஆண்டு கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. கணவர் ஜார்ஜ் தொலைக்காட்சியில் இலக்கிய உரையாடல் நிகழ்ச்சி நடத்துபவர். மனைவி ஆன் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பள்ளி செல்லும் மகன் பியெரோ. பாரிசில் இருக்கும் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வீடியோ கேசட் வந்து கிடக்கிறது. போட்டுப் பார்த்தால், எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து அசையாமல் எடுக்கப்பட்ட அவர்களுடைய வீட்டின் முகப்பு. மணிக்கணக்கில் அதுவே ஓடுகிறது. பிறகு, குழந்தை வரைந்தது போன்ற படங்களோடு கேசட்டுகள் வருகின்றன: வாயில் இரத்தம் வழியும் முகம், கழுத்து வெட்டுப்பட்ட சேவல். அடுத்து ஜார்ஜ் பிறந்து வளர்ந்த பண்ணை வீடு. அதற்கும் பிறகு, புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நடைவழியும் ஒரு கதவும். அந்தக் கதவுக்குப் பின்னால் மஜீத் இருக்கிறார். ஜார்ஜின் பெற்றோருடைய பண்ணையில் வேலை பார்த்த அல்ஜீரியத் தம்பதியின் மகன் அவர். 1961 அக்டோபரில் பாரிஸ் ஊர்வலத்துக்குப் போன அந்தத் தம்பதி திரும்பி வரவேயில்லை. ஆதரவற்றுப்போன சிறுவனைத் தத்தெடுக்க ஜார்ஜின் பெற்றோர் முடிவுசெய்கிறார்கள். ஆறு வயது ஜார்ஜுக்கு அது பிடிக்கவில்லை. அவன் சொன்ன பொய்களால் மஜீத் அனாதை விடுதிக்கு அனுப்பப்படுகிறான்.

ஐயா, இந்தப் படம் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. கேசட்டை அனுப்பியவர் யார் என்ற ஒன்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாவற்றையும் படம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறது. மஜீத் இரத்தம் கக்குகிறான் என்று சிறுவன் ஜார்ஜ் சொன்னான்; மருத்துவர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றார். சேவலைக் கொல்லும்படி அப்பா சொன்னதாக மஜீதிடம் சொன்னான். மஜீத் வெட்டியதும், தன்னைப் பயமுறுத்தத்தான் வெட்டினான் என்று பெற்றோரிடம் போய் முறையிட்டான். இவை யாருடைய ஊகமும் இல்லை, ஜார்ஜின் வாயாலேயே வருகின்றன. வளர்ந்த பிறகும் மனிதர் மாறவில்லை. மஜீதின் வீட்டுக்குப் போய் அவரை மிரட்டிவிட்டு வந்து, அங்கே யாரும் இல்லை என்று மனைவியிடம் கூசாமல் சொல்கிறார். அடுத்து வரும் கேசட்டில் அந்தச் சந்திப்பு முழுவதும் இருக்கிறது. ஜார்ஜ் வெளியேறிய பிறகு மஜீத் தனியாக உட்கார்ந்து நெடுநேரம் அழுவதும் இருக்கிறது. ஆன் அதைப் பார்த்துவிடுகிறார்.

ஓர் ஆவணம் கைக்கு வந்தால் அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்பது, ஆவணத்தில் உள்ளதை நம்பலாமா என்று தீர்மானிப்பதற்காக. இங்கே அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. கேசட்டுகள் ஒரு பொய்யையும் சொல்லவில்லை. பணம் கேட்கவில்லை, மிரட்டல் வாசகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஒரு வீடு, ஒரு பண்ணை, ஒரு கதவு, ஓர் உரையாடல்: இவ்வளவையும் உள்ளது உள்ளபடி காட்டுகின்றன. அவை சுட்டுகிற பழைய குற்றத்தைக் குற்றம் செய்தவரே மனைவியிடம் ஒத்துக்கொண்டுவிட்டார். இதற்குப் பிறகும் அனுப்பியவர் யார் என்ற கேள்வி ஜார்ஜுக்கு ஏன் அத்தனை அவசியமாகிறது? அனுப்பியவரைப் பிடித்துவிட்டால் தான் பாதிக்கப்பட்டவராகிவிடலாம். கேசட்டில் இருப்பதைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது. நாமும் இருக்கையில் அமர்ந்து அதே கேள்வியைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம். ஹனேகே அதை அறிந்தே செய்திருக்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் உங்கள் துறையிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 1961 அக்டோபரில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் மொரீஸ் பப்போன் அல்ஜீரியர்களைக் குறிவைத்து இரவு ஊரடங்கைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 17ஆம் தேதி இரவு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலைக்காகப் போராடிய அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணியின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்தார்கள். 11,000க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பலர் சேன் ஆற்றில் வீசப்பட்டார்கள். அரசு ஒத்துக்கொண்ட சாவு 3. ழான்-லூக் எனோதி என்ற ஆய்வாளர் 1991இல் இதைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, இறந்தோர் இருநூறு வரை இருக்கலாம் என்று காட்டினார். பப்போனின் உத்தரவின் கீழ் நடந்த படுகொலை இது என்று பின்னர் அவர் நாளிதழில் எழுதியபோது, பப்போன் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். எனோதிக்கு ஆவணங்களைப் பார்க்க அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. 1999இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய ப்ரிஜித் லெனே, ஃபிலிப் க்ரான் என்ற இருவர் அவருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார்கள்; தங்கள் காப்பகத்தில் இருக்கும் பதிவேடுகள் அவர் எழுதியதை உறுதிப்படுத்துகின்றன என்றார்கள். பப்போன் வழக்கில் தோற்றார். அந்த இருவரோ தங்கள் பொறுப்புகளிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார்கள்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில், அதைப் பற்றி வெளியே பேசியவர் யார், பேச அவருக்கு யார் அனுமதி கொடுத்தது என்று நிர்வாகம் கேட்டது. ஜார்ஜ் கேட்பதும் அந்தக் கேள்விதான். இதை மனத்தில் வைத்து இன்னொரு முறை பார்த்தால், ஹனேகே வரலாற்றைப் புறக்கணித்தார் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் என நினைக்கிறேன்.

சான்றைப் பற்றிப் பேசுவதானால், படத்தின் ஒளிப்பதிவையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். முதல் காட்சியில் ஒரு தெரு. சில நிமிடங்கள் எதுவும் நடப்பதில்லை. பொடி எழுத்தில் பெயர்கள் அதன்மேல் தோன்றிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று திரைக்கு வெளியிலிருந்து இருவர் பேசும் குரல். சற்று நேரம் கழித்துப் படத்தின் குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. யாரோ கேசட்டை வேகமாக ஓட்டுகிறார்கள். இதுவரை நாம் பார்த்தது படத்தை அன்று, படத்துக்குள் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கேசட்டை என்று அப்போதுதான் தெரிகிறது. ஹனேகே தம் படங்களில் முதன்முறையாக இதை டிஜிட்டல் வீடியோவில் எடுத்தார். கேசட்டுக்கும் கதைக்கும் காட்சித் தரத்தில் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதே நோக்கம். பின்னணி இசையும் கிடையாது. அதே கேசட்டில் ஜார்ஜ் வீட்டிலிருந்து புறப்பட்டு கேமராவை நோக்கி நடந்து வந்து, அதைக் கடந்தும் போகிறார். கேமரா நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அதை எப்படிப் பார்க்கத் தவறினேன் என்று அவரே திகைக்கிறார்.

இப்போது முடிவுக்கு முந்தைய காட்சிக்கு வாருங்கள். மஜீத், ஜார்ஜைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, அவர் கண்ணெதிரே தம் கழுத்தை அறுத்துக்கொண்டு சாகிறார். சில நாள் கழித்து ஜார்ஜ் மாத்திரை போட்டுக்கொண்டு, திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் படுக்கிறார். அடுத்து, பண்ணை வீட்டின் முற்றம். இருண்ட கொட்டிலுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல, தூரத்தில், அசையாத ஒரே காட்சி: ஒரு கார் வந்து நிற்கிறது, சிறுவன் மஜீதைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார்கள், அவன் திமிறி ஓடுகிறான், பிடித்து வந்து காரில் ஏற்றுகிறார்கள். கேசட்டுகள் எப்படி எடுக்கப்பட்டிருந்தனவோ, அச்சு அசல் அப்படியே இதுவும் இருக்கிறது. 1961இல் அந்தக் கொட்டிலில் யாரும் வீடியோ கேமராவை வைத்திருக்கவில்லை. இந்தப் பார்வை படத்தினுடையது, கதைக்குள் இருக்கும் எவருடையதும் இல்லை. எனவே கேசட்டை அனுப்பியவர் மஜீதா, மஜீதின் மகனா, பியெரோவா என்று பட்டியல் போட்டுக் கழித்துக்கொண்டே போனால் எந்தப் பெயரும் முழுதாகப் பொருந்தாது என்பது என் முடிவு.

கடைசிக் காட்சி அதைக் குலைக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு, வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், திரையின் இடப்பக்கத்தில் மஜீதின் மகன் பியெரோவிடம் வந்து பேசுகிறார். கூட்டத்தின் நடுவே நடப்பதால் நம் கூடத்தில் இருந்த பலர் அதைக் கவனிக்கவேயில்லை. இருவரும் பேச வசனம் எழுதிக் கொடுத்ததாக ஹனேகே சொல்லியிருக்கிறார். நமக்கு ஒரு சொல்லும் கேட்பதில்லை. கவனித்தவர்கள், இருவரும் சேர்ந்து செய்த சதி என்று வழக்கை முடித்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: அல்ஜீரிய இளைஞர் ஒருவர் ஒரு வெள்ளைக்காரப் பையனோடு பேசுவதைப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சதி என்று எடுத்துக்கொள்ள நம்மைத் தூண்டியது எது? அப்பாக்களுக்குள் நடந்ததைப் பிள்ளைகள் பேசித் தீர்க்க முயல்கிறார்கள் என்று ஏன் முதலில் தோன்றவில்லை? இரண்டுக்கும் அந்தக் காட்சியில் சமமான இடம் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர் நாம், அந்தத் தேர்வுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு. ஜார்ஜ் மனைவியிடம் அந்த இரவைப் பற்றிச் சொல்லும் விதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தேதி, பப்போன், சேன் ஆறு, சுமார் இருநூறு பேர் என்று தந்திவாசகம்போல அடுக்கிவிட்டு உடனே தன் வீட்டுக் கதைக்குத் திரும்பிவிடுகிறார். அவர் படித்த மனிதர், அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருப்பதால் அவருக்குள் எதுவும் அசைவதில்லை. படத்தொகுப்பு அறையில் அவர் உட்கார்ந்திருக்கும் சிறு காட்சி ஒன்று வரும். தம் நிகழ்ச்சியில் விருந்தினர் பேசுவது அதிகமாகத் தத்துவத்துக்குள் போகிறது என்று அந்த இடத்தை வெட்டச் சொல்வார். வேண்டாததை வெட்டுவது அவருக்குத் தொழில். அக்டோபர் 17ஐ அவர் ஒரு வசனத்துக்குச் சுருக்குவதை அந்தத் தொழிலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். படம் வந்த காலத்தையும் மறக்கக் கூடாது. 2005 பிப்ரவரியில் பிரான்ஸ் நிறைவேற்றிய சட்டத்தின் ஒரு பிரிவு, கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு ஆட்சி ஆற்றிய 'நேர்மறைப் பங்கை'ப் பள்ளிப் பாடத்திட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்றது. வரலாற்று ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டு அந்தப் பகுதி நீக்கப்பட்டது. படம் பிரான்சில் திரைக்கு வந்த அதே அக்டோபரின் இறுதியில் பாரிசின் புறநகர்களில் கலவரம் மூண்டது. ஹனேகே எதையும் முன்கூட்டிச் சொன்னார் என்று நான் கூறவில்லை; பேசாமல் விட்டது எதுவோ, அதற்குள் அந்த நாடு வாழ்ந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கோபம் என்னையும் விடவில்லை. மஜீதுக்கு இந்தப் படத்தில் கிடைப்பது கொஞ்ச நேரம். அவருடைய நாற்பது ஆண்டு வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பிரெஞ்சுக்காரரின் மனச்சாட்சியைச் சோதிப்பதற்காக அவர் சாக வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் அறிஞர் பால் கில்ராய் இதே தன்மையில் படத்தைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார். ஜார்ஜின் பார்வையில் கதை நகர்வதால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொல்லலாம், நானும் நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். ஆனால் மொரீஸ் பெனிஷு என்ற அந்த நடிகர் கேசட்டில் குனிந்து அழும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தந்தை இறந்த பின் மஜீதின் மகன் ஜார்ஜின் அலுவலகத்துக்கு வருகிறார். கேசட்டுகளுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்கிறார். குரலை உயர்த்தாமல், கண்ணைப் பார்த்து, ஒரு முறை சொல்கிறார். ஜார்ஜ் நம்புவதில்லை. பொய் சொல்லிப் பழகியவர் படம் நெடுக யார், ஒரு பொய்கூடப் பிடிபடாதவர் யார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு வரலாற்று ஆசிரியராக அந்த வாக்குமூலத்தை நீங்கள் ஏற்பீர்களா? ஏற்கமாட்டீர்கள் என்றால், எந்தச் சான்றின் பேரில் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய மாணவன்