கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று எழுதித் தந்த பெற்றோருக்கு

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினராக இருக்கும் தாய் தந்தையருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு, அங்கே முன்பு தலைமையாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள். குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, இடிந்த சுற்றுச்சுவர் என்று வழக்கமான செய்திகளைப் பேசி முடித்தபின் ஒரு தந்தை எழுந்து ஒரு தாளை நீட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பதினேழு பேர் கையெழுத்திட்ட கடிதம் அது. "எங்கள் பிள்ளைகள் தவறு செய்தால் ஆசிரியர்கள் அடித்துத் திருத்துவதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்று எழுதியிருந்தது. தாளைக் கொடுத்துக்கொண்டே, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்று வாயாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தத் தொடங்கியது. அந்தப் பதினேழு பேருக்கும், வேறு ஊர்களில் இதே தாளை எழுதிக்கொண்டிருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் 1988இல் கணித ஆசிரியையாகப் பணியில் சேர்ந்தேன். மேசை இழுப்பறையில் சுண்ணக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரம்பும் இருக்கும். வாய்ப்பாடு தெரியாதவனை அடித்திருக்கிறேன், வீட்டுப்பாடம் எழுதாதவளை அடித்திருக்கிறேன், யார் செய்தார்கள் என்று தெரியாத குறும்புக்கு ஒரு வரிசையையே எழுப்பி அடித்திருக்கிறேன். 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதியைத் திருத்திப் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்தபோது, இனி வகுப்பை எப்படி நடத்துவது என்று ஆசிரியர் அறையில் உரக்கப் புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே மேட்டில் நின்றுகொண்டு உங்களுக்கு உபதேசம் செய்கிறேன் என்று எண்ண வேண்டாம்.

என் எண்ணத்தை மாற்றியது அரசாணை அன்று, ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பையன். தடை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. உடன் படித்த பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸை, அதற்குள் அவள் வைத்திருந்த அறுபது ரூபாயோடு எடுத்துவிட்டான். பையைச் சோதித்ததும் அகப்பட்டது. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வேலைத்தலத்திலிருந்து நேராக வந்தவர், வராந்தாவிலேயே இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, நாங்கள் நால்வர் பார்த்துக்கொண்டிருக்க அவனை அடித்தார். ஆசிரியர் அடிக்கத்தானே தடை, தகப்பன் அடிப்பதை நாம் எப்படித் தடுப்பது என்று எங்கள் கோழைத்தனத்துக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு நின்றோம். நான்கைந்து நாள் கழித்து, கால் வீக்கம் வடிந்து அவன் வந்தபோது தனியாகக் கூப்பிட்டு, "செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறதா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றான். எது தப்பு என்று கேட்டேன். "பையிலயே வச்சிருந்திருக்கக் கூடாது டீச்சர்" என்றான்.

அவன் திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னான். அந்த அடியிலிருந்து அவன் கற்றுக்கொள்ளக்கூடிய பாடத்தைச் சரியாகக் கற்றிருந்தான். அறுபது ரூபாயை இழந்த பெண் அன்று மாலை வீட்டில் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவன் நினைவில் இல்லை, ஏனென்றால் வராந்தாவில் நடந்த எதிலும் அந்தப் பெண்ணே இல்லை. அங்கே இருந்தது ஒரு பெல்ட், ஒரு தகப்பன், வேடிக்கை பார்த்த நாங்கள். வலி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது பிள்ளையின் மனம் முழுவதும் தன்னைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது. தான் யாருக்குத் தீங்கு செய்தோம் என்ற கேள்வி போய், தனக்கு யார் தீங்கு செய்தார்கள் என்ற கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு இதைப் பற்றிச் சிறிது படித்தேன். பெற்றோர் தரும் உடல் தண்டனை பற்றிய 88 ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் கெர்ஷாஃப் ஒன்றுசேர்த்து 2002இல் வெளியிட்ட கட்டுரை என் அனுபவத்தை எனக்கே விளக்கியது. அடி வாங்கிய பிள்ளை அந்த நேரத்துக்குச் சொன்னதைக் கேட்கிறது. இதை அவரும் மறுக்கவில்லை. நீங்கள் அடியை நம்புவதற்குக் காரணமே அந்த உடனடி அமைதிதான். ஆனால் நல்லது கெட்டது என்ற அறிவு பிள்ளைக்குள் சொந்தமாக வேர்விடுவது, அதிகம் அடி வாங்கும் பிள்ளைகளிடம் குறைவாகவே காணப்படுகிறது. இன்னொரு ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்து 2011இல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் விக்டோரியா தல்வாரும் காங் லீயும். ஒரு பள்ளியில் குச்சியடியும் கிள்ளலும் அன்றாடம்; மற்றொன்றில் கண்டிப்பு உண்டு, அடி கிடையாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம், முதுகுக்குப் பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையில் தனியாக விட்டார்கள். இரண்டு பள்ளிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள், குழந்தைகள்தானே. பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அடிக்கும் பள்ளியின் குழந்தைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள். அடுத்தடுத்துத் துருவிக் கேட்டபோதும் அந்தப் பொய்யைச் சிக்காமல் காப்பாற்றிக்கொள்ளும் திறமையும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. அடி அவர்களுக்கு உண்மையைக் கற்றுத்தரவில்லை, நல்ல பொய்யைக் கற்றுத்தந்திருக்கிறது. என் ஏழாம் வகுப்புப் பையன் அடுத்த முறை பையில் வைத்திருக்க மாட்டான்.

நம் வீடுகளில் பேச்சு தெளியாத வயதிலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிடுகிறது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்கிறோம். சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்கிறோம். சற்று வளர்ந்ததும், பெண்பிள்ளையானால் குறிப்பாக, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறோம். சாமி, பூச்சாண்டி, நாலு பேர், பிரம்பு எல்லாம் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். பத்து வயதில் பூச்சாண்டி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. சாமி யாருடைய கண்ணையும் குத்தவில்லை என்பதையும் அதே வயதில் பார்த்துக்கொள்கிறார்கள். கைக்குள் கைபேசி வந்தபிறகு நாலு பேர் பார்க்க முடியாத இடங்கள் ஒரு பிள்ளைக்கு எத்தனையோ இருக்கின்றன. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் உடன் படிக்கும் பெண்ணின் படத்தை எடுத்துத் திரித்துக் குழுவில் போடலாமா வேண்டாமா என்று இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் முடிவு செய்யும்போது, அங்கே உங்கள் பிரம்பும் இல்லை, எங்கள் பிரம்பும் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் அவன் மனத்தில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நாங்கள் அடி வாங்கி வளரவில்லையா, கெட்டா போய்விட்டோம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கூட்டத்திலும் கேட்டார்கள். ஆசிரியர் பிரம்பைக் கீழே வைத்ததால்தான் காவலர் லத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது என்ற வாசகமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்று ஐம்பது வயதில் அலுவலக மேசைக்கு அடியில் கை நீட்டுகிறவர் எந்தக் காலத்துப் பிள்ளை என்று எண்ணிப் பாருங்கள். வரதட்சணைக்காக மருமகளை வதைப்பவர்களும், மகள் வேறு சாதியில் காதலித்தாள் என்பதற்காகக் கத்தியை எடுக்கிற அப்பனும் அண்ணனும் பெரும்பாலும் பிரம்பு செழித்த காலத்து வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தவர்களே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் எனக்குத் தெரிந்த உண்மை இது. பிரம்பு எல்லா முதுகிலும் ஒரேமாதிரி விழவில்லை. ஊர்ப் பெரிய வீட்டுப் பையன் மீது எங்கள் கை தயங்கியது. கேட்பதற்கு ஆள் இல்லாத பிள்ளை மீது தயங்கவில்லை. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதிலிருந்தும் நியாயம் என்றால் என்ன என்று ஒரு பாடம் படித்தார்கள்.

அடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுவதா? இல்லை. அடிப்பதைவிடக் கடினமான வேலை ஒன்றை ஒரு தாய் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் பூ கட்டி விற்பவர். எட்டாம் வகுப்பில் இருந்த அவருடைய மகன் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் வேறோர் அம்மாவின் பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துவிட்டான். தாயை வரச்சொன்னோம். அவர் கையை ஓங்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் எதிரில் உட்காரவைத்து, "இந்த ஐம்பது ரூபாய் இல்லாமல் நேற்று என்ன செஞ்சீங்கன்னு இவன்கிட்டச் சொல்லுங்கக்கா" என்றார். பேத்தியின் இருமலுக்கு மருந்து வாங்க வைத்திருந்த பணம் என்று அவர் சொல்லத் தொடங்கினார்; சொல்லி முடிப்பதற்குள் பையன் அழுதுவிட்டான். பிறகு அந்தத் தாய் இரண்டு வாரம் மாலையில் அவனைத் தன்னுடன் உட்காரவைத்துப் பூ கட்டச் செய்து, அந்தக் கூலியிலிருந்து ஐம்பது ரூபாயை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கவைத்தார். அவனுக்கு அது தண்டனைதான். மட்டைப்பந்து ஆடும் நேரம் அது. மறு ஆண்டு பள்ளியின் ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே என் அறைக்கு வந்து, பந்தை அடித்தது தான் என்று சொன்னவன் அவன்.

சட்டம் தெரியாமல் கையெழுத்திட்டிருப்பீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. உங்கள் கடிதத்தை நம்பி ஓர் ஆசிரியர் கையை ஓங்கினால், துறை நடவடிக்கையை அவர்தான் தனியாகச் சந்திக்க வேண்டும். வீட்டின் நிலை வேறு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு பெற்றோர் செய்யும் செயலுக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு சில வரம்புகளோடு தந்த பாதுகாப்பு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆவது பிரிவிலும் தொடர்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்வதும் உண்மை. ஆனாலும் பள்ளியில் கூடாதது வீட்டில் கூடும் என்பதுதான் ஊரார் புரிந்துகொண்டிருக்கும் சட்டம். ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடி கூடாது என்று சட்டம் செய்தது. அதற்கெனத் தனித் தண்டனை எதையும் வைக்காமல், பால் பெட்டிகளில் அச்சிட்டு வீடு வீடாகச் செய்தியைக் கொண்டுபோனது. அது பணக்கார நாடு என்பீர்கள். நேபாளம் 2018இல் செய்துவிட்டது.

நான் கேட்பது சட்டமன்றத்தின் வேலையை அன்று, உங்கள் வேலையை. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்று அதே 2009 சட்டம் வைத்திருப்பது சுற்றுச்சுவருக்கு மட்டுமல்ல. ஒரு பிள்ளை திருடினாலோ, மற்றொரு பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லி அவமதித்தாலோ, ஆசிரியரை ஏளனம் செய்து காணொளி எடுத்தாலோ, யாரைக் கூப்பிட வேண்டும், தீங்குக்கு ஆளானவர் எப்படிப் பேச வேண்டும், அதை ஈடுசெய்யும் வேலை என்னவாக இருக்கலாம் என்று ஒரு கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிப் பேசுங்கள். பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் இழுக்க வேண்டாம். நடந்ததைப் பேசினால் போதும். தகப்பன் பெல்ட்டோடு பள்ளிக்குள் வந்தால் ஆசிரியர் தடுக்கலாம், தடுக்க வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதிவையுங்கள். அன்று எங்கள் நால்வருக்கும் அப்படி ஒரு தாள் தேவைப்பட்டது.

உங்கள் கடிதம் இன்னும் தலைமையாசிரியரின் கோப்பில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள், வருவேன். கையெழுத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் அன்று சொல்லலாம். கூட்டத்தில் எழுந்து சொல்லத் தயங்குகிறவர்கள், அரைமணி முன்னதாக வந்தால் நானே உடன் வந்து தலைமையாசிரியரிடம் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி