நங்கூரம் போடும்போது சுக்கானை அவளிடம் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

கரீபியன் கடலில் இருக்கும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் நீயும் உன் மனைவியும் ஒரு வாரம் பாய்மரப் படகு எடுக்கப் போவதாகச் சொன்னாய். எந்தத் தீவில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேட்டாய். அதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நங்கூரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நானும் அத்தானும் அங்கே கழித்த ஒரு நாள். காலையில் நார்மன் தீவிலிருந்து கிளம்பினோம். அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும். நாங்கள் போக வேண்டியதும் கிழக்கே. காற்றுக்கு எதிரே பாய் நேராகப் போகாது இல்லையா, வலமும் இடமுமாக வளைத்து வளைத்து மதியம்தான் சால்ட் தீவை எட்டினோம்.

அதன் கரையோரம் ஆர்.எம்.எஸ். ரோன் என்ற தபால் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1867 அக்டோபர் 29 அன்று புயல் அடித்தபோது அது பக்கத்துப் பீட்டர் தீவின் கிரேட் ஹார்பரில் நின்றிருந்தது. புயல் நடுவில் சற்று ஓய்ந்த நேரத்தில் கடலுக்குப் போய்விடலாம் என்று நங்கூரத்தை இழுத்திருக்கிறார்கள். அது சிக்கி, பிணைப்பு அறுந்து, அங்கேயே தங்கிவிட்டது. புயலின் மறுபாதி எதிர்த்திசையிலிருந்து வந்து கப்பலைப் பாறையில் மோதவைத்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலின் பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால், மாஸ்க் போட்டு மிதந்தபடியே அதன் வெண்கலச் சுழலியைப் பார்த்தேன். படகுக்குத் திரும்பியும் வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

சாயங்காலம் கூப்பர் தீவில் படகு கட்டும் மிதவை ஒன்றுகூடக் காலியில்லை. சரி என்று காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நார்மன் தீவின் வடபக்கத்தில் உள்ள பெனூரெஸ் பேவுக்கு வந்தோம். இருட்டுவதற்குள் நங்கூரம் போட்டாக வேண்டும். அத்தான் சுக்கானில், நான் முன்னால். எஞ்சின் சத்தத்தில் அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை, நான் கத்துவதைக் காற்று கொண்டுபோனது. நங்கூரம் கடலடிப் புல்மேல் விழுந்து வழுக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் இடம் மாற்றிக்கொண்டோம். கனமான வேலை முன்னால்தான். சுக்கானுக்குப் பலம் வேண்டாம், நிதானம் போதும். அவர் கையை உயர்த்தினால் நிறுத்து, பின்னால் காட்டினால் பின்வாங்கு. வெளிர்நிறமாகத் தெரிந்த மணல்திட்டைப் பார்த்து நங்கூரத்தை இறக்கினோம். தண்ணீர் 5 மீட்டர், படகின் முன்முனை அதற்கு மேல் 1 மீட்டர். இரண்டும் சேர்ந்த 6 மீட்டருக்கு ஐந்து மடங்காக 30 மீட்டர் சங்கிலி. மெதுவாகப் பின்வாங்கினேன். அத்தான் என்னைக் கூப்பிட்டு என் கையைச் சங்கிலிமேல் வைத்தார். நங்கூரம் இழுபட்டால் அது நடுங்கும். விறைத்து அசையாமல் இருந்தது. இறங்கி நீந்திப் பார்த்தேன்: ஏர்க்கொழு மண்ணில் இறங்கியதுபோல நங்கூரம் மணலுக்குள் போயிருந்தது.

ராத்திரி காற்று திசை மாறிப் படகு மெல்லச் சுற்றியது. அத்தான் எழுந்துபோய்ச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். நானும் தூங்கிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் அந்தக் கைச்சைகைகளை இரண்டு பேரும் பழகிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா